நெஞ்சுக்குப் பார்க்கப் போனால் குறட்டையைக் கேட்கிறார்கள்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், இளம்பிள்ளையில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த காபி டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை விரல்கள் மடங்கவில்லை. "என்ன மாமா ஆச்சு?" என்று கேட்டேன், ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. அத்தை பதறிப்போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள், பத்து நிமிடம்கூட இருக்காது, எல்லாம் சரியாகிவிட்டது. கையை நீட்டி மடக்கிக் காட்டினார். "ஒண்ணுமில்ல கண்ணு, கை மரத்துப்போச்சு, வாயுவா இருக்கும்" என்றார்.

மாமாவுக்கு எட்டு விசைத்தறி. எட்டும் ஒன்றாக ஓடும்போது வாசலில் உட்கார்ந்தபடியே "மூணாவது தறியில நாடா சிக்குது பாரு" என்று உள்ளே குரல் கொடுப்பார், அவ்வளவு கூர்மையான காது. அன்றைக்கு அவர் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் என் மூன்று விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு அடி, ஒரு இடைவெளி, சடசடவென்று மூன்று அடி, மறுபடி இடைவெளி, ஆனால் இந்த முறை வேறு நீளத்தில். ஒரு நிமிடம் முழுக்க எண்ணியும் ஒழுங்கு என்று எதுவும் பிடிபடவில்லை. நான் டாக்டர் இல்லை, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறவன். ஆனால் அந்த நாடி எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அன்று ராத்திரியே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் கேட்ட கேள்விகள் மாமாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, எடை எவ்வளவு, சுகர் எவ்வளவு, ராத்திரி குறட்டை வருமா, வாரத்தில் எத்தனை நாள் குடிப்பீர்கள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நெஞ்சுக்குப் பார்க்கச் சொல்லி வந்தா குறட்டையக் கேக்கறாரு." அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் டாக்டர் கேட்டதுதான் சரி. துடிப்பு தடுமாறுவது பெரும்பாலும் இதயத்துக்கு வெளியே, நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நாலைந்து சாதாரண விஷயங்களில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த விஷயங்களைக் கவனித்தால் தடுமாற்றத்தைத் தள்ளிப்போடலாம், பலருக்கு வராமலேயே தடுக்கலாம், வந்துவிட்டவர்களுக்கும் கணிசமாகக் குறைக்கலாம். மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் இதை நின்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்னத் திசுக் கொத்து இருக்கிறது, அதுதான் தாளக்காரர். நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அங்கிருந்து ஒரு மின்துடிப்பு கிளம்பி, மேலறை இரண்டிலும் பரவி, நடுவில் ஒரு சாவடியில் ஒரு நொடியில் சிறு பங்கு நின்று, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டாக்டர்கள் பேச்சில் ஏ.எஃப்., வந்துவிட்டால் மேலறை முழுக்க அங்கங்கே மின்பொறி கிளம்புகிறது, நிமிடத்துக்கு 350, 400, சில சமயம் 600 வரைகூட. மேலறை சுருங்கி விரிவதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கிறது. நடுச்சாவடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால்தான் ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் தடுத்ததுபோக இறங்கி வருகிறவை எந்தக் கணக்கிலும் வராமல் இறங்குகின்றன. மணிக்கட்டில் நான் உணர்ந்தது அதைத்தான்.

நடுங்குகிற மேலறையில் ரத்தம் முழுதாக வெளியேறாது. இடது மேலறையின் ஓரத்தில் விரல் மாதிரி ஒரு குட்டிப் பை இருக்கிறது, அதில் தேங்கி உறைகிற ரத்தக்கட்டி ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு என்று கண்டார்கள். மாமாவுக்கு அன்றைக்கு வந்தது பக்கவாதத்தின் முன்னோட்டம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று வீட்டில் படுத்துவிடக் கூடாத விஷயம் அது. முகம் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறல், இதில் எது வந்தாலும், வந்து போய்விட்டாலும், உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. நாங்கள் 108 கூப்பிடாமல் கார் ஏற்பாடு செய்து, சட்டை மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போனோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் படபடப்பு என்று மாமா இரண்டு தடவை ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார், இரண்டு தடவையும் கேஸ் மாத்திரைதான் கிடைத்தது. யாரும் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. ஏ.எஃப். ஆரம்பத்தில் வரும், சில மணி நேரம் இருக்கும், தானாகப் போய்விடும், அதனால் ஈசிஜி எடுக்கும் நேரத்தில் அகப்படாமலும் போகும். பலருக்குப் படபடப்புகூட இருக்காது, சும்மா அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் சும்மா விட்டால் அது வளரும். 1995ஆம் ஆண்டு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் அலெஸ்ஸி என்பவரின் குழு ஆடுகளை வைத்து இதைக் காட்டியது. ஆட்டின் மேலறையில் இந்த நடுக்கத்தை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டிவிட்டார்கள். முதல் நாள் சில நொடியில் தானாக நின்றது. ஒன்றிரண்டு வாரம் போனபின் பெரும்பாலான ஆடுகளுக்கு அது நிற்கவே இல்லை. நடுக்கமே மேலறையை மாற்றி, அடுத்த நடுக்கத்துக்கு இடம் செய்து கொடுக்கிறது. அதனால் இதில் சீக்கிரம் என்பதற்கு ரொம்ப மதிப்பு.

சரி, முதல் நடுக்கம் எங்கிருந்து வருகிறது? மாமாவின் எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: இடது மேலறை 4.6 செ.மீ. நாலுக்குள் இருக்க வேண்டியது. அந்த அரை சென்டிமீட்டரில் அவருடைய இருபது வருட வாழ்க்கை இருக்கிறது. பிரஷர் அதிகமாக இருக்கும்போது இடது கீழறை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போகிறது. தடித்த அறை சுலபமாக விரியாது, அதை நிரப்ப மேலறை கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. மேலறையின் சுவர் மெல்லியது, அது இழுபட்டுப் பெரிதாகிறது, இழுபட்ட இடத்தில் நார்த்தழும்பு விழுகிறது. பாவு நூல் அங்கங்கே தளர்ந்தும் முறுக்கியும் கிடந்தால் நாடா எப்படி நேராக ஓடும்? மின்துடிப்பும் அப்படித்தான், தழும்பில் முட்டித் திரும்பிச் சுற்ற ஆரம்பிக்கிறது. எடை, குறட்டை, குடி, சுகர் எல்லாமே வேறு வேறு வழியாக இதே மேலறைக்குத்தான் வந்து சேருகின்றன.

இதில் முதல் இடம் பிரஷருக்கு. எவ்வளவு பேருக்கு இருக்கிறதோ அந்த எண்ணிக்கையால்தான் முதல் இடம். சென்னை மருத்துவர் ஆர்.எம். அஞ்சனாவின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) துணையோடு நாடு முழுக்க எடுத்து 2023இல் வெளியான கணக்கெடுப்பில், இந்தியாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31.5 கோடி, சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி என்று வந்தது. அந்த எண்ணிக்கையை நான் கடைக் கவுண்ட்டரில் தினமும் பார்க்கிறேன். மாத ஆரம்பத்தில் முழு அட்டை வாங்குகிறவர் இருபதாம் தேதிக்கு மேல் "நாலு மாத்திர வெட்டிக் குடுங்க" என்பார். வேறு ஒருவர் மூன்று மாதம் வரமாட்டார், கேட்டால் "நார்மலுக்கு வந்துடுச்சுங்க, நிறுத்திட்டேன்" என்பார். நார்மலுக்கு வந்தது மாத்திரையால், நிறுத்தினால் திரும்ப ஏறும், அதுவும் சத்தமில்லாமல் ஏறும். மாமாவும் இதைத்தான் செய்திருந்தார். தறிக்கு எண்ணெய் விடுவதை ஒருநாளும் மறக்காத மனிதர், இந்த ஒரு மாத்திரையை மட்டும் தேவைப்பட்டால் போடுகிற மாத்திரை என்று நினைத்துவிட்டார்.

பிரஷரை இறக்கினால் ஏ.எஃப். குறைகிறதா என்பதற்கு நேரடி ஆதாரமே இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற பெரிய ஆய்வில் ஒரு பாதிப் பேருக்குப் பிரஷரின் மேல் எண்ணை 140க்குக் கீழும், இன்னொரு பாதிக்கு 120க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 120க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களுக்குப் புதிதாக ஏ.எஃப். வருவது 26 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு எந்த எண் சரி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், வயதானவர்களுக்கு ரொம்ப இறக்கினால் தலை சுற்றி விழுவார்கள். ஆனால் 150ஐ வைத்துக்கொண்டு "எனக்கு எப்பவும் இதுதான்" என்று இருப்பது வேண்டாம்.

வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கால் மேல் கால் போடாமல், கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். நாடி ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும், அதனால் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். மாத்திரைச் செலவுதான் பிரச்சினை என்றால் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். இதைச் சொல்லி நானே பலரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

உப்பைப் பற்றி இரண்டு வரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். சேலத்துக்காரன் தட்டுவடை செட்டை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கே மனசு வராது. ஆனால் காலையில் ஊறுகாய், மத்தியானம் அப்பளம், சாயங்காலம் மிக்சர், ராத்திரிக் கருவாடு என்று நாள் முழுக்க ஓடினால் அந்த ஒரு டீஸ்பூன் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

அப்புறம் எடை. இதில் ஒரு ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரசாந்தன் சாண்டர்ஸ், ராஜீவ் பதக் ஆகியோரின் குழு, ஏ.எஃப். உள்ள பருமனான 355 பேரை ஐந்து ஆண்டு கவனித்து 2015இல் முடிவை வெளியிட்டது. எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காப்பாற்றியவர்களுக்கு, குறைக்காதவர்களைவிட ஆறு மடங்கு வாய்ப்பு, ஏ.எஃப். இல்லாமல் இருப்பதற்கு. அவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் துடிப்புக்கான மாத்திரையும் இல்லாமல், மேலறையில் கோளாறான இடத்தைச் சுட்டுவிடும் அப்லேஷன் சிகிச்சையும் இல்லாமல் சீரான துடிப்பில் இருந்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு கிடையாது இது, எடை குறைக்க முடிந்தவர்கள் மற்றதிலும் அக்கறையாக இருந்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இதயத்தைத் தொடாமலேயே இதயத் துடிப்பை இவ்வளவு தூரம் திருப்ப முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு: எடையைக் குறைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி குறைத்தவர்களுக்கு அந்தப் பலனில் ஒரு பகுதி கைவிட்டுப் போயிற்று.

மாமா 84 கிலோ. பத்து சதவீதம் என்றால் எட்டரை கிலோ. கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஒரு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் முக்கால் கிலோகூட வராது. அத்தை செய்த ஒரே பெரிய மாற்றம் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பொரியலை வைத்ததும், ராத்திரி எட்டு மணிக்குமேல் சமையலறையை மூடியதும். நம் ஆட்களுக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவு நல்ல அளவுகோல், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் கொழுப்பு வயிற்றுக்குள் சேருகிறது என்று அர்த்தம், அதே மாதிரி இதயத்தைச் சுற்றியும் சேர்ந்து, மேலறைச் சுவருக்குள் ஊடுருவவும் செய்கிறது.

நடப்பதற்கு 2023இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஏ.எஃப். உள்ளவர்களுக்கு வாரம் 210 நிமிடம் என்கிறது, தினம் அரை மணி. மூக்கனேரிக் கரையில் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம், ஆனால் பாட முடியாத வேகம், அதுதான் கணக்கு. பத்து வருடமாக நடக்காதவர் திடீரென்று ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் சைக்கிளை எடுத்து இருபது கொண்டை ஊசி வளைவையும் மிதித்து ஏற்காடு ஏறுவது வேண்டாம். வருடக்கணக்காக மிகக் கடுமையான நெடுந்தூரப் பயிற்சி செய்யும் ஆண்களுக்கு ஏ.எஃப். கொஞ்சம் கூடுதலாக வருவதும் உண்மைதான், ஆனால் நம்மில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்தக் கவலை தேவைப்படாது.

மாமாவைக் கோபப்படுத்திய குறட்டைக்கு வருகிறேன். அத்தையிடம் டாக்டர் தனியாகக் கேட்டார். "குறட்ட விட்டுக்கிட்டே இருப்பாருங்க, திடீர்னு சத்தமே இருக்காது, மூச்சு நின்னுபோன மாதிரி இருக்கும், நான் தோளப் புடிச்சு உசுப்புவேன், கொர்ருன்னு ஒரு சத்தத்தோட திரும்ப ஆரம்பிப்பாரு" என்று அத்தை சொன்னார். பதினைந்து வருடமாக இப்படித்தானாம். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது, அடைபட்ட வழியில் மூச்சை இழுக்க நெஞ்சு போராடும்போது உள்ளே உண்டாகும் இழுவிசை, மெல்லிய மேலறைச் சுவரை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஆக்சிஜன் இறங்குகிறது, பிரஷர் சட்டென்று எகிறுகிறது. இது ஒரு ராத்திரியில் நூறு தடவைகூட நடக்கலாம். ஏ.எஃப். நோயாளிகளைச் சோதித்தால் பாதிப் பேர்வரை இந்தத் தூக்க மூச்சடைப்பு இருக்கிறது. மூக்கில் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் மெஷின் போட்டால் ஏ.எஃப். குறையும் என்பதற்கு உறுதியான ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் பிரஷர் இறங்குகிறது, பகல் தூக்கம் போகிறது, எடை குறைக்க உடம்பில் தெம்பு வருகிறது. குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாக நினைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பக்கத்தில் படுப்பவர் சொல்வதைக் கேளுங்கள், நோயாளியைவிட அவர்தான் சரியான சாட்சி.

குடி விஷயத்தில் நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். 1978இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கர், வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் நிறையக் குடித்துவிட்டுத் துடிப்புத் தடுமாறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதினார், 'விடுமுறை இதயம்' என்று பெயர் வைத்தார். சனிக்கிழமை ஏற்காட்டில் ரூம் போட்டு விடிய விடியக் குடித்துவிட்டு, ஞாயிறு ராத்திரி மலையிறங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எங்கள் கடைக்கு வந்து கேஸ் மாத்திரை கேட்ட இருபத்தெட்டு வயதுப் பையனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். 'பீர் தானே' என்பதும் 'வாரத்தில் இரண்டு நாள்தானே' என்பதும் மேலறைக்குத் தெரியாது. 2020இல் ஆஸ்திரேலியாவில் தவறாமல் குடிக்கிற 140 ஏ.எஃப். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில், குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்ப வந்தது, விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு. ஒரு மாத்திரை இவ்வளவு குறைத்தால் அதைக் கொண்டாடுவார்கள். மாமா விட்டுவிட்டார். முதல் இரண்டு மாதம் மிகவும் கஷ்டப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காபிக்கு மட்டும் நல்ல செய்தி. சேர்வராயன் மலையில் காபி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து விளைகிறது, இந்த ஊரில் படபடப்பு என்றதும் முதலில் நிறுத்தச் சொல்வதும் அதைத்தான். 2025இல் வெளியான ஒரு ஆய்வில், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிய 200 பேரில் பாதிப் பேரை தினம் ஒரு கப் காபியாவது குடிக்கச் சொன்னார்கள், மீதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் குடித்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது, நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு. காபியே மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை, குடித்தால் உங்களுக்குப் படபடக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் நிம்மதியாகக் குடிக்கலாம். டம்ளரில் போகும் மூன்று ஸ்பூன் சர்க்கரைதான் பிரச்சினை. டின்னில் விற்கும் எனர்ஜி டிரிங்க் வேறு விஷயம், அதைக் காபியோடு சேர்க்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாக. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் மேலறையில் தழும்பு கூடுகிறது. பீடி, சிகரெட், ஹான்ஸ் எதுவானாலும் நிகோட்டின் துடிப்பைத் தூண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஏ.எஃப். வரும், அதே மாதிரி தைராய்டு மாத்திரையை அளவுக்கு மேல் எடுத்தாலும் வரும், வருடக்கணக்காகப் பரிசோதனை செய்யாமல் பழைய சீட்டையே நீட்டி நூறு மைக்ரோகிராம் வாங்கிப் போகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன். மலையடிவாரத்தில் வெள்ளைக் கல் வெட்டுகிறார்களே, அந்த மேக்னசைட்டில் இருக்கும் மெக்னீசியம் நம் ரத்தத்தில் குறைந்தாலும் துடிப்பு கெடும். குறைவதற்குப் பல சமயம் காரணம் நீர் பிரியும் மாத்திரை, குடி, வருடக்கணக்கில் தானாக வாங்கிப் போடும் கேஸ் மாத்திரை. மீன் எண்ணெய் கேப்சூல் இதயத்துக்கு நல்லது என்று நீங்களாக வாங்காதீர்கள், அதிக அளவில் எடுத்தவர்களுக்கு ஏ.எஃப். கூடியதைப் பெரிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

இதெல்லாம் ஒரு பக்கம். நம் நாட்டில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதினால் வெளிநாட்டுக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். இந்தியாவில் ஏ.எஃப். நோயாளிகளைப் பதிவு செய்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் காரணம் ருமாட்டிக் இதய நோய், சராசரி வயது 55க்கும் கீழே. சின்ன வயதில் வந்த தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டு வீங்கிக் காய்ச்சல், அந்தக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடுகிறது, வால்வு சுருங்கினால் மேலறை வீங்குகிறது, முப்பது வயதுப் பெண்ணுக்கு ஏ.எஃப். வருகிறது. நெருக்கடியான வீடுகளிலும், டாக்டரிடம் போக ஒருநாள் கூலியை விட வேண்டியிருக்கிற இடங்களிலும்தான் இது அதிகம், மலைக் கிராமங்கள் உட்பட. பிள்ளைக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் என்றால் காட்டி, கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை முழு நாளும் முடியுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வருடக்கணக்கில் போட வேண்டும். "நல்லாத்தானே இருக்கா" என்று நிறுத்திவிட்டு, பத்து வருடம் கழித்து வால்வு ஆபரேஷனுக்கு நிற்கிற குடும்பங்களைப் பார்த்தால் தாங்காது.

மேலே சொன்னது எதுவும் ரத்த உறைவு தடுக்கும் மாத்திரைக்கு மாற்று கிடையாது. இதை எவ்வளவு அழுத்தியும் சொல்லலாம். எடை குறைந்துவிட்டது, ஈசிஜி சரியாக இருக்கிறது, இனி எதற்கு அந்த மாத்திரை என்று மாமாவே கேட்டார். வயது, பிரஷர், சுகர், முன்பு வந்த பக்கவாதம் அல்லது அதன் முன்னோட்டம், இதய பலவீனம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு டாக்டர்கள் ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள், மாமாவுக்கு அந்த முன்னோட்டத்துக்கு மட்டுமே இரண்டு புள்ளி, அது எடை குறைந்தாலும் அழியாது. ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன், அது மலிவு என்பார்கள். போதாது. 2011இல் வந்த ஆய்வில் ஆஸ்பிரினைவிட, உறைவு தடுக்கும் புது மாத்திரையான அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது, கடுமையான ரத்தக்கசிவு பெரிதாகக் கூடவும் இல்லை. ருமாட்டிக் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் பழைய வார்ஃபரின்தான் சரி, 2022 ஆய்வு அதை உறுதி செய்தது, ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை மாதாமாதம் பார்த்து 2க்கும் 3க்கும் நடுவில் வைக்க வேண்டும். இதில் எதையும் நீங்களாக நிறுத்தவோ, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்கவோ வேண்டாம்.

நாடி பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன், இதற்குக் காசு வேண்டாம். உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரலுக்கு நேர் கீழே எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் மூன்று விரலை மெதுவாக வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எப்போதாவது ஒரு அடி விட்டுப்போனால் பயப்பட வேண்டாம், அது பலருக்கும் வரும். அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி ஒவ்வொன்றும் வேறாக இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே 100ஐத் தாண்டினாலோ ஈசிஜி எடுங்கள், அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், போய்விடுங்கள். வீட்டில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு வகைத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம், அதற்கு வைத்தியமும் வேறு.

மாமா இப்போது 76 கிலோ. வயதைக் குறைக்க முடியாது, 4.6 எவ்வளவு இறங்கும் என்று டாக்டரும் உறுதி தரவில்லை, நடுவில் ஒருமுறை ஏ.எஃப். திரும்ப வந்து ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆனால் காலையில் தறி போடுவதற்கு முன் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணி, பிரஷரையும் பார்த்து, பாவுக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். அத்தை கையையும் பார்க்கிறார். போன வாரம் பக்கத்துத் தறிக்காரர் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார், நாடா சிக்குகிற மாதிரி இருந்ததாம். செவ்வாய்க்கிழமை அவரை ஈசிஜி எடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறார், எட்டு தறியையும் அரைநாள் நிறுத்திவிட்டு.